எரிகிறதா, குத்துகிறதா? உடற்பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ராயபுரத்தில் ஒரு கிடங்கின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது நான் போகும் உடற்பயிற்சிக் கூடம். முப்பத்தொன்பது வயதில், இருக்கிற பேன்ட் எதற்கும் கொக்கி மாட்ட முடியாமல் போன ஓர் ஆடி மாதத்தில் அங்கே சேர்ந்தேன். மூன்றாம் நாள் பதினைந்து தண்டால் எடுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டாவதில் கை நடுங்கிக் கவிழ்ந்துவிட்டேன். ‘என்னால் முடியும், முடியும்’ என்று மனத்துக்குள் ஓதிக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லை என்பதற்குச் சாட்சியாகச் சிமென்ட் தரை மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாஸ்டர் வந்து குனிந்தார். தைரியம் சொல்வார் என்று பார்த்தால், ஒரு கேள்விதான் கேட்டார்.

“எரிகிறதா, குத்துகிறதா?”

“எரிகிறது மாஸ்டர்.”

“எங்கே?”

“இரண்டு புஜத்திலும்.”

“அது களைப்பு. பத்து மூச்சு விட்டுவிட்டு மீதி மூன்றை எடு, தம்பி.”

எடுத்தேன். மூன்றும் அழகாக வரவில்லை, ஆனால் வந்தன. நல்லபடியாக நினைத்தால் நல்லபடியாக நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை நினைப்பது என்று அந்த மனிதர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவது தொழில். எண்ணிப் பார்க்காத எதையும் நம்ப மாட்டேன். மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் வார்த்தையும் உண்மையாக இருந்தால்தான் எனக்கு வேலை செய்கிறது. பொய் பன்னிரண்டாவது தண்டாலில் உடைந்துவிடுகிறது.

சேர்வதற்கு முன்

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் தொல்லை ஏதாவது உள்ளவர்கள் முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மன உறுதியால் ரத்த அழுத்தம் குறையாது.

அடுத்து இடம். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சுமாரான கூடம், பஸ் ஏறிப் போக வேண்டிய பிரமாதமான கூடத்தைவிட மேல். நான் முதன்முதலில் சேர்ந்தது ஊரின் மறுபக்கத்தில், குளிர்சாதனம் ஓடும் ஓர் இடம். வருடக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டினேன். அவ்வளவு பணம் கட்டினால் போகாமல் இருக்க மாட்டோம் என்று கணக்குப் போட்டேன். மொத்தம் பத்தொன்பது நாள் போனேன். பேசின் பாலத்து நெரிசலில் நிற்கும்போதே மனம் பாதி திரும்பிவிடும். ஆகவே மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். கட்டுவதற்கு முன், நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாஸ்டர் புதியவர்களைக் கவனிக்கிறாரா, செல்பேசியைக் கவனிக்கிறாரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணம் கட்டி எங்கும் போக விருப்பமில்லை என்றால் நடை, ஓட்டம், மாநகராட்சிப் பூங்கா எல்லாம் இருக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: எண்ணூர் விரைவுச் சாலையில் இருட்டில் ஓடாதீர்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு உங்கள் ஆரோக்கிய ஆசை தெரியாது. காசிமேடு பக்கம் கடற்காற்று வாங்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஏலக் கூட்டத்துக்கு நடுவே வஞ்சிர மீனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பையோடுதான் வீடு திரும்புவீர்கள்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. முதல் வாரத்திலேயே அதை எட்டியாக வேண்டும் என்றில்லை. மூன்று நாள், அரை மணி நேரம் போதும்.

குடம் நிரம்பியதும் ஷூ

அதிகாலை ஐந்து மணிக்கு உற்சாகம் யாருக்கும் வராது. போன பிறகுதான் வரும், அதுவும் எல்லா நாளும் வராது. எனவே உற்சாகத்துக்குக் காத்திருக்காமல், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் பயிற்சியைக் கட்டிவிடுங்கள்.

எங்கள் தெருவில் இன்றும் அடிபம்பு உண்டு. காலையில் நான்கு குடம் அடித்து வைப்பது என் பங்கு. நான்காவது குடம் நிரம்பியதும் ஷூ மாட்டுவேன் என்று வைத்துக்கொண்டேன். போகலாமா வேண்டாமா என்ற பேச்சே எழாது. குடம் நிரம்பியது, ஷூ மாட்டியாயிற்று, அவ்வளவுதான். (இதே பம்பில் தினம் இருபது குடம் அடித்து இடுப்பில் தூக்கிப் போகும் பெண்களிடம் யாரும் ‘என்ன பயிற்சி செய்கிறீர்கள்?’ என்று கேட்டதில்லை.)

‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்ற இந்த வகை முன்முடிவைப் பற்றிப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். வெறுமனே ‘இனி ஒழுங்காகப் போவேன்’ என்று உறுதி எடுப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்பே முடிவு செய்பவர்கள் சொன்னதை அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். காப்ரியேலே எட்டிங்கென் என்பவரின் ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: இனிய முடிவை மட்டும் கற்பனை செய்து மகிழ்பவர்களுக்கு, அதை அடைய வேண்டிய வேகம் குறைந்துவிடுகிறது. ஒட்டிய வயிறோடு கண்ணாடி முன் நிற்பதாக நினைத்துப் பாருங்கள், பாதி திருப்தி அப்போதே கிடைத்துவிடும். ஆசைக்குப் பக்கத்தில் தடையையும் நிறுத்த வேண்டும் என்கிறார் அவர்.

என் தடைகளும் அவற்றுக்கான முன்முடிவுகளும் இவை. மழை பெய்தால் வீட்டு மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்குவேன். இரவுக் கப்பல் வேலை என்றால் காலையில் தூங்கி, மாலை ஆறு மணிக்குப் போவேன். மச்சான் டீக்கடையிலிருந்து கூப்பிட்டால் ‘முடித்துவிட்டு வருகிறேன்’ என்பேன். கடைசியாகச் சொன்னதுதான் கடினம்.

அப்படியும் கால் எழவில்லை என்றால், பத்து நிமிடம் செய்துவிட்டு வந்துவிடலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி உண்மையானதாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் வீட்டுக்கு வாருங்கள். மனத்தை ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த முறை அது நம்பாது.

கடினமான நிமிடத்தில்

முதலில் எவ்வளவு கடினம் என்று அளந்து பழகுங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்பவர் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். சும்மா உட்கார்ந்திருப்பது 6. இதற்கு மேல் ஒரு நொடிகூட இயலாது என்பது 20. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு ஏறக்குறைய வரும் என்பதால்தான் 6இல் தொடங்குகிறது. புதியவர்கள் 12, 13 அளவில் இருந்தால் போதும். எண் பிடிபடாதவர்களுக்கு எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று உண்டு: பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் கானா பாட முடியக் கூடாது.

பிறகு மாஸ்டரின் கேள்வி. எரிச்சல் என்பது தசையின் நடுவில், பெரும்பாலும் இரண்டு பக்கமும், மெல்ல மெல்ல ஏறி வரும். நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். குத்தல் திடீரென்று வரும். ஒரே பக்கம், ஒரே இடம், பெரும்பாலும் மூட்டில் இருக்கும். விரல் வைத்து இங்கேதான் என்று காட்ட முடியும். எரிந்தால் தொடரலாம். குத்தினால் நிறுத்த வேண்டும், அன்று அந்தப் பயிற்சி கிடையாது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதற்கு எந்த மனப்பயிற்சியும் பொருந்தாது. மார்பில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், மூச்சு அடங்காமல் போவது. உடனே உட்கார வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மே மாதத்துக் கூரை வெப்பத்தில் தலைசுற்றல், குமட்டல், வியர்வைக்கு நடுவே குளிர் நடுக்கம் என்று வந்தாலும் அப்படித்தான்: நிறுத்திவிட்டு நிழல், காற்று, தண்ணீர். தெளியாவிட்டால் மருத்துவமனை. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, அதனால் உடம்பின் சூடு இறங்கத் தாமதமாகும். கோடையில் எண்ணிக்கை குறைந்தால் அது வானிலையின் கணக்கு, உங்களுடையது அன்று.

சரி, எரிச்சல்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது மனத்துக்கு என்ன சொல்வது?

2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பாதிப் பேருக்குத் தம்மோடு தாமே ஊக்கமாகப் பேசிக்கொள்ளப் பயிற்சி கொடுத்தார்கள். வாக்கியங்களை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி மிதித்தபோது, அவர்கள் களைத்து நிறுத்தும் நேரம் சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது, உழைப்பும் குறைவாகத் தோன்றியது. மற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இதில் எனக்குப் பிடித்த இடம், வாக்கியத்தை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள் என்பது. எங்கள் கூடத்தின் சுவரில் வலியைப் புகழும் ஆங்கிலப் போஸ்டர் ஒன்று ஐந்தாண்டுகளாகத் தொங்குகிறது. அதை நினைத்து யாரும் ஒரு தண்டால் கூடுதலாக எடுத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வாயில் வருகிற மொழியில், சிறியதாக, உண்மையாக ஒரு வாக்கியம் வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. நடுவில் சொல்வது: ‘எரிச்சல்தான், அடங்கிவிடும்.’ கடைசியில் சொல்வது: ‘போன செவ்வாய் இதே இடம், முடித்தாய்.’ இரண்டாவதில் என்னை நானே ‘நீ’ என்று அழைப்பதைக் கவனியுங்கள். பதற்றமான நேரத்தில் ‘நான்’ என்பதை விட்டு, தன் பெயரையோ ‘நீ’ என்பதையோ சொல்லித் தன்னோடு பேசுவது மனத்தை நிதானப்படுத்துகிறது என்று உளவியலாளர் ஈதன் கிராஸும் அவருடைய கூட்டாளிகளும் 2014இல் எழுதினார்கள். அடுத்தவருக்கு யோசனை சொல்லும்போது நாம் எல்லோரும் புத்திசாலிகள் அல்லவா?

ஆனால் எந்தக் குரலில் அழைக்கிறீர்கள் என்பது முக்கியம். முதல் மாதங்களில் என் உள்ளே பேசியது பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியரின் குரல். ‘எருமை மாடே’ என்றுதான் தொடங்கும். ஒருநாள் அந்தக் குரலை மாற்றி, என் ஆயாவின் குரலில் சொல்லிப் பார்த்தேன். ‘மெதுவாக, கண்ணு, இன்னும் ஒன்று.’ சோறு ஊட்டும்போது இன்னும் ஒரு வாய் என்று சொல்வாளே, அந்தத் தொனி. எருமை மாடு எடுக்காத இரண்டைக் கண்ணு எடுத்தான்.

இங்கே ரோஷத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் அதைச் சொல்லாமல் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச முடியாது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி கட்டிக் குத்துச்சண்டை போட்ட மண் இது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியபோது, இளைஞராக இருந்த எங்கள் மாஸ்டர் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். இன்றும் அந்தக் கதைக்குக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். அலி தன்னைத் தானே மாபெரும் வீரன் என்று சொல்லிக்கொண்டவர். நானும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டேன். “அவர் ஓடிவிட்டுச் சொன்னார். நீ ஓடிவிட்டு வா” என்றார் மாஸ்டர்.

ரோஷம் மேடையில் மூன்று நிமிடச் சுற்றுக்கு உதவலாம். யாருமே பார்க்காத விடியற்காலையில், ஆண்டுக்கணக்கில் பஸ்கி (முழங்கால் மடக்கி உட்கார்ந்து எழுவது) எடுப்பதற்கு அது எரிபொருள் ஆகாது. பக்கத்தில் இருபது வயதுப் பையன் தூக்கும் எடையைப் பார்த்து ரோஷப்பட்டு நானும் தூக்கினேன். குத்தியது, இடது தோளில். ஆறு வாரம் போயிற்று.

எண்ணிக்கையிலும் ஒரு சின்ன வித்தை. இருபது பஸ்கி என்றால் ஐந்து ஐந்தாக நான்கு. கடைசி ஐந்தை ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்குமுகமாக எண்ணுங்கள்.

நோட்டு

செல்பேசிச் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் கட்சி காகித நோட்டு. தேதி, செய்தது, ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கை, ஒரு வரிக் குறிப்பு. என் முதல் மாதத்திலிருந்து சில வரிகள்:

‘செவ்வாய். தண்டால் 8, 7, 4. தூக்கம் சரியில்லை.’

‘வியாழன். 9, 7, 6. மாஸ்டர் முழங்கையைத் திருத்தினார். எளிதானது.’

‘சனி. போகவில்லை. நிச்சயதார்த்த பிரியாணி.’

‘செவ்வாய். 11, 8, 6.’

‘போன செவ்வாய் முடித்தாய்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் போன செவ்வாய் நோட்டில் இருக்க வேண்டும். மனம் தன் தோல்விகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் கிடங்கு. சரக்கு வந்ததற்கு ரசீது காட்டினால்தான் ஒப்புக்கொள்ளும்.

புதியவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. முதல் சில வாரங்களில் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் எண்ணிக்கை ஏறும். அப்போது கூடுகிற பலத்தில் பெரும்பகுதி தசை பெருத்ததால் வருவதில்லை. இருக்கிற தசையை ஒருங்கே வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருகிறது. தசை பருப்பது பிறகுதான். ஆகவே இரண்டு மாதம் கண்ணாடியைப் பார்க்காமல் நோட்டைப் பாருங்கள்.

கடைசி ஐந்து நிமிடம்

கடினமானதை முதலில் முடித்து, எளிதானதில் கொண்டுபோய் நிறுத்துங்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் சிலர் கடினமாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்தார்கள், சிலர் எளிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். இறங்குமுகமாகச் செய்தவர்களுக்கே அது இனிமையான நினைவாகத் தங்கியது. நாளைக்குப் போவதா என்று முடிவு செய்வது இன்றைய நினைவுதானே! எங்கள் கூடத்தில் எப்போதும் கடைசியில் லேசான கர்லாக்கட்டைச் சுற்றுதான். மாஸ்டர் எந்த ஆய்வையும் படித்தவரில்லை. “சிரித்துக்கொண்டு வெளியே போனவன்தான் திரும்பி வருவான்” என்பார்.

மறுநாள் படிக்கட்டு

முதல் முறை பஸ்கி எடுத்த மறுநாள் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏறிவிட்டேன், இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். பின்னால் வந்த கூடைக்கார அம்மா, “என்னப்பா, கால் சரியில்லையா?” என்று கேட்டார்.

இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் குறையும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று பலர் சொல்வார்கள். அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெளியேறிவிடும். பழக்கமில்லாத வேலையால், குறிப்பாக எடையைத் தாங்கியபடி தசை நீளும்போது, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்யும் வேலையுமே காரணம். படி ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம் வலிக்கவும் அதுதான் காரணம். லேசாக நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், முட்டை, மீன், பருப்பு என்று புரதம் சேருங்கள். அந்த இரண்டு நாளைக்கான வாக்கியம்: ‘முந்தாநாள் கால் வேலை செய்தது.’ சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தசை வீங்கி விறைத்தாலோ வாக்கியம் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

விட்டுப்போன வாரம்

ஒரு பழக்கம் படிய எவ்வளவு நாளாகும்? இருபத்தொரு நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதுதான் அதில் நமக்குத் தேவையான வரி. ஆகவே பிரியாணி நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்து பிராயச்சித்தம் தேடாதீர்கள்.

ஆனால் ஒருநாள் வேறு, ஒரு வாரம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கூடத்தின் கீழ்த்தளக் கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர். நாள் கணக்கில் பூட்டியிருந்தது. திரும்பத் திறந்தபோது பாதிப் பேர் வரவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்க நினைத்தவர்கள் இரண்டே நாளில் சோர்ந்தார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு முன்பு செய்ததில் பாதியில் தொடங்குங்கள். நோட்டில் புதுப் பக்கம் போடுங்கள், பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடாதீர்கள்.

கூடம் பூட்டியிருக்கும் நாட்களில் வீட்டிலேயே செய்ய: சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, அரை நிமிடம் முழங்கையில் ஊன்றிப் பலகை போல நிற்பது. இதை மூன்று சுற்று. எடை வேண்டுமென்றால் குடம் இருக்கிறது. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடம் நிரம்பினால் பதினைந்து கிலோ. முதலில் பாதிக் குடத்தோடு தொடங்குங்கள். முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தளும்பிச் சிந்தினால் யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நான் துடைக்கவில்லை.